நாலாவது போல்ட்

லாரி இடித்ததில் என் பழைய புல்லட்டின் சேஸ் (எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கழுத்தில் விரிசல். அந்த வருடத்துச் சேஸ் எங்கும் கிடைக்கவில்லை. ஆறு வருடம் பிந்திய ஒன்று, மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில்லின் பின்னால் கிடைத்தது. (ஆர்.டி.ஓ. அலைச்சல் தனிக்கதை.)

இன்று மதியம், பாலக்கரை. மெக்கானிக் ரஹ்மான் பாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். புதுச் சேஸில் எஞ்சினைத் தூக்கி வைத்தார். மூன்று போல்ட் இறங்கிவிட்டது. நாலாவது மட்டும் மயிரிழையில் மாட்டவில்லை.

நான் சும்மா இருப்பேனா? பையிலிருந்து வெர்னியரை எடுத்து இரண்டு முறை அளந்தேன்.

"வேற வருஷத்துச் சேஸ்தானே பாய், அதான் ஓட்டையே தள்ளியிருக்கு. அரம் போட்டுப் பெருசாக்கிடுங்க."

பாய் சேஸ் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் எஞ்சின் மேல் வைத்தார்.

"சேஸ் காலைலேர்ந்து வெயில்ல கிடந்துச்சுங்க. எஞ்சின் உள்ள நிழல்ல இருந்துச்சு. ஆறட்டும். வாங்க, டீ சாப்பிட்டு வருவோம்."

நனைத்த சாக்கு ஒன்றைச் சேஸ் மேல் போர்த்திவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வந்து சாக்கை எடுத்தார். போல்ட்டை இரண்டே விரலால் பிடித்து உள்ளே விட்டார். சுத்தியல் இல்லை, அரம் இல்லை. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"சார் எங்க வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"துவாக்குடிப் பக்கம், ஒரு காலேஜ்ல," என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

சூட்டில் உலோகம் விரிவடைவது பற்றி நாளை முதல் பீரியடில் பாடம் எடுக்கப்போவது நான்தான்.

மாணவர்களே, லைக் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். கமெண்டில் யாரும் சந்தேகம் கேட்க வேண்டாம்.