அக்காவுக்கென வைத்த பீலி

ஐயா, அம்மா, இதனை வாசிக்கும் தங்களுக்கு என் வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு மேற் படித்தவன் அல்லன். மீதியை நூல்களிலிருந்து நானே தேடிக்கொண்டேன். எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருள்க.

போரினால் மின்சாரம் நின்று இரண்டு வருடங்கள் கழிந்திருந்தன. கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் இடம்பெயர்ந்து வந்த நான்கு குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்தன. எஞ்சிய மண்ணில் பதுங்குகுழிகள். எல்லாருக்கும் ஒரே கிணறு. முறை வைத்தே அள்ள வேண்டும். வீட்டில் நானும் கணவரை இழந்த என் அக்காவும் மட்டுமே. அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. சத்திரசிகிச்சைக்கு உடம்பில் இரத்தம் போதாது, கீரையை நன்றாகக் கொடுத்து இரத்தத்தை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார். இரத்தம் ஏற்றும் மருந்துக் குளிசைக்குத் தட்டுப்பாடு. சந்தைக்குக் கீரை வருவதும் அருகியிருந்தது.

பழைய விவசாயச் சஞ்சிகையொன்றில் மண்ணில்லாமற் பயிர் வளர்க்கும் முறையை வாசித்திருந்தேன். மழைநீர் வடியும் கூரைப் பீலிகள் இரண்டைக் கழற்றி, சல்லிக்கல் நிரப்பி, கங்குன் கீரையும் பொன்னாங்காணியும் நட்டேன். நாங்கள் குளித்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் கரியிலும் மணலிலும் வடித்துத் தொட்டியில் சேர்த்தேன். சாணமும் சாம்பலும் ஊறிய தெளிவை அதிற் கலந்தேன். தார்ப் பீப்பாவை வெட்டிச் செய்த இதழ்களைச் சைக்கிள் சில்லிற் காற்றாடியாகப் பொருத்தி, அது சுழல நீர் இறைக்கும்படி அமைத்ததும், காற்றே அந்நீரைப் பீலிக்கு ஏற்றியது. வழிந்தது மீண்டும் தொட்டிக்கு வந்தது.

கீரை செழித்தது. விரதம் தவறாதவராகிய அக்கா அதைத் தொடவில்லை.

“உன்ரை முதுகு ஊத்தையை என்னைச் சுண்டல் போட்டுத் தின்னச் சொல்லுறியோ?”

வேர் உப்புகளை மட்டுமே உறிஞ்சும் என்று சஞ்சிகையிற் கண்டதைச் சொன்னேன்.

“உதை எழுதினவர் உதைத் திண்டு பாத்தவரோ?” என்றார்.

ஈற்றில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு பீலி அவருக்கென்று தனியே. அதற்குக் கிணற்று நீர் மட்டுமே. சாமிப் படத்தின் முன் என்னைச் சத்தியம் செய்யவைத்தார். சில்லோ ஒன்றுதான், ஆகவே அந்தப் பீலிக்குக் காற்று உதவாது. சல்லி நீரைப் பிடித்து வைப்பதுமில்லை. நாளுக்கு ஐந்து முறை, கிணற்றடியில் வரிசையில் நின்று, வாளியிற் சுமந்து ஊற்றினேன். அப்போதே எனக்கு ஐம்பது கடந்திருந்தது. மூன்றாம் வாரம் நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லை. இரண்டு நாள் பாயைவிட்டு எழ முடியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது அக்காவின் பீலி சருகாகிக் கிடந்தது. மற்றது பச்சையாக நின்றது.

அந்த மற்றதில் அரிந்து சமைத்தேன். தம் பீலியின் கீரையென்றே எண்ணி அவர் உண்டார். அதன்பின் நான் வாளி தூக்கவில்லை. சொல்ல வெட்கமாயினும், அது எனக்குப் பெரும் ஆறுதலாகவே இருந்தது.

இரத்தம் ஏறியது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். புறப்படும் காலை, தெம்பு வந்தவராய் அக்கா தாமே வளவின் பின்புறம் நடந்து போனார். தம் பீலி காய்ந்து கிடந்ததைக் கண்டு, திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எத்தினை நாளாய், தம்பி?”

“ஒரு மாசம் வரும், அக்கா. என்னாலை தூக்கேலாமல் போச்சு.”

“ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் சாப்பிட்டிருக்க மாட்டியள்.”

“ஓம். சாப்பிட்டிருக்க மாட்டன்.”

தலைக்கு முழுகி, விபூதி பூசி, என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வீடு வந்தபின் முன்போலவே கதைத்தார், சிரித்தார். ஆனால் நான் சமைத்த எதையும் பிறகு அவர் உண்டதில்லை. தமக்கென்று சிறு சட்டியொன்றில் தனியே உலை வைத்தார். தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஊரைவிட்டு நடந்தபோதும், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில், தனிக் கல் கூட்டியே சமைத்தார்.

அக்கா இப்போது இல்லை. குளித்த தண்ணீரில் வளர்ந்ததைத் தின்று உயிர் தப்பியவர் என்று உறவினர் சிலர் இன்றும் கேலியாகச் சொல்வதுண்டு. அவர் அறிந்து உண்டவர் அல்லர். அறியாமல் உண்ணக் கொடுத்தவன் நான். மறுபடி நேர்ந்தாலும் கொடுப்பேன் என்றே நினைக்கிறேன். ஆயினும் குற்றம் அவருடையதன்று. இதைச் சொல்ல எனக்குப் பின் எவரும் இல்லை. ஆகவே இந்தத் தாள்களைத் தயவுசெய்து வைத்திருங்கள்.