அந்தோணியார் சுவரைப் பார்த்த வாரம்

செல்வமேரி அக்கா பொன்மலையிலேயே பிறந்து, பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டருக்கே வாக்கப்பட்டு, ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர். தங்கமான மனுஷி. வாய் மட்டும் வேறு ரகம். நான் குமரிக் கடற்கரைக்காரி. எங்களுக்குச் சாளை இல்லாமல் சோறு இறங்காது. இங்கே அதை மத்தி என்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல், என் அடுப்பில் சாளை கொதித்தால் போதும், அக்கா வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும். "பெலிண்டா, இன்னைக்கும் அந்த நாத்தந்தானா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு மீன் என்றால் கானாங்கெளுத்திதான். மற்றதெல்லாம் கடலில் சும்மா கிடப்பவை.

போன ஆகஸ்டில் அவர் மகள் ஜெஸ்லின் சென்னையிலிருந்து வந்தாள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். நாலு மாதக் கர்ப்பம். அங்கே மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, ராத்திரியிலும் சுவர் கொதிக்கிறது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அம்மா வீட்டு வேப்பமர நிழலுக்கு வந்துவிட்டாள். வந்தும் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இட்லி, கஞ்சி, இளநீர் எல்லாம் போன வேகத்தில் திரும்பின. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, இப்படியே குறைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா ஆடிப்போனார்.

"உனக்கு என்னதான்டி வேணும்?"

"உங்க கானாங்கெளுத்திக் குழம்பும்மா. அது ஒண்ணுதான் இறங்கும்னு தோணுது."

அக்கா சந்தைக்கு ஓடினார். பாசில் பாயின் மீன் கடையில் கானாங்கெளுத்தி இல்லை. மறுநாளும் இல்லை. பெட்டி பெட்டியாக மத்தி மட்டும் பளபளத்தது.

"நல்லதையெல்லாம் ஓட்டலுக்கு ஒதுக்கிட்டு என்கிட்ட கதை விடறீங்களா பாய்?"

"சத்தியமா இல்லக்கா. நாகப்பட்டினத்துலேர்ந்து இதான் வருது. வேணும்னா ஐஸ் பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பாருங்க."

அக்கா விட்டே பார்த்தார். தலைமுடியில் ஐஸ் தூளோடு வீடு வந்தவர், நேராக அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் போய் நின்றார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா? அக்காவின் சாவி, மூக்குத்தி, ரேஷன் கார்டு எல்லாம் அவர் தேடிக் கொடுத்தவைதான். கேட்டது கிடைக்கும்வரை அவரைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

"மீனுக்கே பிரசங்கம் வச்ச ஆளு நீரு. ஒரு வார்த்தை சொன்னா வராதா? கொண்டாந்து சேர்த்துட்டு அப்புறமா என் முகத்துல முழியும்" என்று திருப்பி வைத்துவிட்டார்.

ஜெஸ்லின் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு படுத்தபடியே சொன்னாள்: "பாவம்மா அவரு. கடல் மேல்தண்ணி சூடாயிட்டே போகுது. அதுக்குத் தாக்குப் பிடிக்காம கானாங்கெளுத்தி ஆழத்துக்கும் வடக்கேயும் நகருது. கேரளா பக்கமே கதின்னு கிடந்த மத்தி இங்க பரவிடுச்சு. தண்ணி புளிச்சுக்கிட்டு வேற வருது. அதுல குஞ்சு மீனுக்கு மோப்பமே தடுமாறுதுன்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க."

"கடல் புளிக்குதா? யாருடி புளி கரைச்சு ஊத்தினது?"

"நாமதான். நாம விடற புகைதாம்மா அதுல போய்க் கரையுது."

"அதுக்காகப் பொறந்த எடத்தை விட்டுட்டுக் கிளம்பிடறதா? கொஞ்சம் சூடு தாங்க முடியலையாக்கும். என்ன திமிரு!"

அப்படியே நாட்கள் ஓடின. அந்தோணியார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெஸ்லினின் கன்னம் ஒட்டிப்போயிற்று. குமட்டுமே என்று நானும் அந்த வாரம் சாளை வாங்கவில்லை. சனிக்கிழமை நாக்கு கேட்கவில்லை. கதவு ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டுத் திருடிபோலக் குழம்பு வைத்தேன். இறக்கி வைக்கும்போது பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தொலைந்தோம், அக்கா வந்துவிட்டார் என்று திறந்தால், ஜெஸ்லின் நின்றாள்.

"ஆன்ட்டி, என்ன குழம்பு?"

"சாளைம்மா. கோவிச்சுக்காத, மூடித்தான் வச்சேன்..."

"தட்டு எடுங்க."

சாப்பிட்டாள். திரும்பவும் சோறு கேட்டாள். முள்ளைக்கூடச் சப்பினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். எதுவும் திரும்பி வரவில்லை.

மகளைக் காணோமென்று அக்கா பக்கெட்டும் கையுமாக வந்து வாசலில் நின்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து சேர்த்துவைத்த பதில்களெல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. இன்றைக்கு விடுவதில்லை என்று எழுந்தேன். அக்கா தட்டைப் பார்த்தார். குவிந்து கிடந்த முள்ளைப் பார்த்தார்.

"தங்குச்சா?"

"தங்குச்சுக்கா."

அப்படியே என் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சேர்த்துவைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சூடு தாங்கலைன்னுதானேடி நீயும் வந்தே" என்று மகளின் தலையைத் தடவியவர், சட்டென்று எழுந்து தன் வீட்டுக்குப் போனார். அங்கே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தோணியாரை இந்தப் பக்கம் திருப்பி, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கானாங்கெளுத்தியைத் தேட வேணாம் சாமி. அதுவும் வயித்துல முட்டையை வச்சுக்கிட்டுத்தான் போயிருக்கும். குளுந்த எடமாப் பார்த்து முட்டையிடட்டும். போற எடத்துல பக்கத்து வீட்டுல ஒரு பெலிண்டா இருக்கட்டும்."