சமூகம் மேடத்தின் வீட்டுப்பாடம்

சாக்பீஸை இரண்டாக ஒடித்து, பெரிய பாதியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்கு வாய் திறக்கும். கல்லூரியில் முதலாண்டுக்குச் சமூகவியல் நடத்துகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் ‘சமூகம் மேடம்’. பாடத்தில் வரும் சிந்தனையாளர்களை, ஒரே மாடியில் குடியிருப்பவர்களைப் போலத்தான் பேசுவார்.

“தாடிக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஆகாதுப்பா. பரீட்சையில ரெண்டு பேரையும் ஒரே பாராவுல உக்கார வைக்காதீங்க. சண்டை வந்தா எனக்குத்தான் தலைவலி.”

ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. வம்பெல்லாம் அவரைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் போகும். ‘குழு’ என்பதைப் பற்றி அத்தனை அழகாக வகுப்பெடுப்பவர், மதியச் சாப்பாட்டை ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுவார்.

ஆண்டுதோறும் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பார். ஒரு மாலை முழுக்கச் சொந்த வீட்டில் வாடகைக்கு வந்த ஆள் போல நடந்துகொள்ள வேண்டும். உட்கார அனுமதி கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விதிகள் மீறும்போதுதான் தெரியும் என்பது பாடம். வீட்டார் திகைத்ததும், “சும்மா, காலேஜ் வேலை” என்று உடைத்துவிடலாம்.

மறுநாள் வகுப்பு களைகட்டும். “எங்கப்பா, ‘எந்தப் பாடத்துல ஃபெயிலு, மறைக்காம சொல்லு’ன்னார் மேடம்.” “எங்கக்கா செருப்பைத் தேடினா மேடம்.”

இந்த ஆண்டு பின்பெஞ்சுக்காரி ஒருத்தி கேட்டுவிட்டாள். “எங்களை மட்டும் மாட்டி விடறீங்களே, நீங்க பண்ணிப் பாத்திருக்கீங்களா மேடம்?”

“இன்னைக்கே பண்றேன். நாளைக்கு வந்து சொல்றேன், போதுமா?”

கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறார். பேருந்தில் ஒத்திகை பார்த்தபடியே வந்தார். தம்பியின் முகம் போகிற போக்கை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

“நான் இங்க உக்காரலாமா?”

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மடக்கி இடம் விட்டான்.

“கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்குங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

தம்பி மகளிடம், “உங்க படிப்புக்கு இடைஞ்சலா இருக்கேனா?” என்று மரியாதை கூட்டிப் பார்த்தார். “அதெல்லாம் இல்ல அத்தை.” தலை நிமிரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்று, “ரொம்ப நன்றிங்க. சாப்பாடு பிரமாதம்” என்றார்.

“சரி அண்ணி. போகும்போது லைட்டை அணைச்சிடுங்க.”

என்ன ஆச்சு உனக்கு என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும். ‘சும்மா, காலேஜ் வேலை’ நாக்கு நுனியில் காத்திருந்தது. மாடிப்படியில் கொஞ்சம் தாமதித்து நின்றார். தம்பி மனைவி ஃபோனில் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். “எங்க அண்ணியா? அவங்களால ஒரு தொல்லையும் கிடையாதும்மா. வீட்ல இருக்கிற இடமே தெரியாது.” மெச்சித்தான் சொன்னாள்.

மறுநாள் உள்ளே நுழைந்ததுமே வகுப்பு பிடித்துக்கொண்டது. “உங்க வீட்ல என்ன மேடம் ஆச்சு?”

“அதை ஏன் கேக்கறீங்க, ஒரே ரகளை. தம்பி டிவியை நிறுத்திட்டான். தம்பி பொண்டாட்டி ஓடி வந்து, ‘என்ன அண்ணி, காய்ச்சலா’ன்னு இப்படித் தொட்டுப் பாத்தா.”

சொல்லிக்கொண்டே உள்ளங்கையைத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினார். வகுப்பு சிரித்து ஓய்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை.