நூறுக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரி

எங்கள் தெருவில் எந்த மிஷின் நின்றுபோனாலும் முதலில் என் பெரியப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பார்த்த பிறகு அது ஓடியதா என்று யாரும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தவர். பனிமலை உச்சியிலிருந்து டெல்லிக்கு ஒயர் இல்லாமலே பேசியவர் என்று தெருவில் பேச்சு. அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லையென்றும் சொன்னதில்லை. யாராவது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தலைகீழாகப் பிடித்துக் காதருகே ஆட்டிப் பார்த்து, "உள்ள லூசு" என்பார். பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி அவர்களும் திருப்தியாகப் போவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டியே அவர் வீடு. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளையில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான். பெரியம்மாவின் சமையலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் சாம்பாரில் பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் நிற்கும், உப்பு வெளியூர் போயிருக்கும். அடை சுட்டால் கதவிடுக்குக்கு முட்டுக் கொடுக்கலாம். பெரியப்பா மட்டும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டு, "நல்லாருக்கு" என்பார். "பட்டாளத்துக் குளிர்ல ஒங்க பெரியப்பாவுக்கு நாக்கு செத்துப் போச்சு" என்பது என் அம்மாவின் தீர்ப்பு. அதை நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், தெரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தெருக்காரர்கள் சொந்தமாக மைக் செட் வாங்கினார்கள். ஒரு ஆம்பிளிபயர், ஒரு மைக், வேப்பமரத்தில் கட்ட ஒரு குழாய் ஸ்பீக்கர். பொறுப்பு யாரிடம் என்ற கேள்வியே எழவில்லை. காப்புக் கட்டுக்கு முதல்நாள் சாயங்காலம், பாதித் தெரு சுற்றி நிற்க, பெரியப்பா ஆம்பிளிபயரின் முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அங்கே வரிசையாகச் சில திருகுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். அவருடைய கண்ணாடி வீட்டைவிட்டு வெளியே வராது. "இதுல எந்த நம்பர் பெருசு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நாலு, எட்டு, பதினாறு, நூறு என்று படித்துவிட்டு, நூறுதான் பெரிசு என்றேன். கணக்கில் நான் கெட்டிக்காரி. ஸ்பீக்கர் ஒயரை நூறில் மாட்டினார். சத்தத்தைக் கூட்டியதும் குழாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. பிறகு கருகிய வாடை வந்தது. அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை.

"உள்ள லூசு" என்றார் பெரியப்பா.

சீரியல் பல்பு கட்ட வந்திருந்த அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன், ஸ்டூலில் இருந்து இறங்கினார். "நான் வேணா ஸ்பீக்கரக் கழட்டிப் பார்க்கட்டுமாண்ணே?"

"வேண்டாம். கம்பெனி மாலு. கம்பெனிக்காரந்தான் தொறக்கணும்."

"நாளைக்கு ஆறு மணிக்குக் காப்புக் கட்டு. அதுக்குள்ள பேசலைன்னா நான் தொறந்துருவேன், ஆமா."

எனக்கு அது பாட்டு கேட்குமா கேட்காதா என்கிற கவலை. பெரியப்பாவுக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. எலெக்ட்ரீஷியன் அதைத் திறந்தால் உள்ளே எரிந்திருப்பதைப் பார்ப்பார். எரிந்தது ஏன் என்று சொல்வார். பிறகு தெருவில் யாரும் மிக்ஸியைக் கொண்டுவர மாட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயின் பின்புறம் இருக்கும் சொம்பு மாதிரியான யூனிட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பெரியப்பா ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். செய்தவர்களின் முகவரி அதன் பின்னாலேயே ஸ்டிக்கரில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல நான் கூடப் போனேன்.

கம்பெனி என்றால் பெரிய கேட்டும் வாட்ச்மேனும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பேண்டேஜ் துணி செய்கிற ஒரு ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் கம்பெனி. பக்கத்து வெளியில் வெள்ளைத் துணி நீள நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் கஞ்சி வாடை. கொட்டகைக்குள் இரண்டு பெண்கள் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் வாய்க்குள்ளேயே எண்ணினார்கள். நான் பேர் கேட்டதற்கு, எண்ணி முடித்த பிறகுதான் பதில் வந்தது. முதலாளி லுங்கி கட்டியிருந்தார், விரலெல்லாம் பசை. "கூர்ச்சோம்மா" என்று எனக்கு ஒரு பெட்டியைக் காட்டினார். அதன்மேல் உட்கார்ந்தேன்.

பெரியப்பா தாம் சிக்னல்ஸில் இருந்ததையும், பசை சரியில்லாமல் உள்ளே விட்டுப்போயிருக்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். முதலாளி நான்கு திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய தட்டை வெளியே எடுத்தார். அதன் நடுவிலிருந்த கம்பிச் சுருள் கன்னங்கரேலென்று இருந்தது.

"பசை விட்டா என் தப்பு சார். இது காயில் வெந்துபோச்சு. யாரோ நூறுல மாட்டியிருக்காங்க. இத பதினாறுல மாட்டணும்."

"எந்தப் பய மாட்டுனானோ" என்றார் பெரியப்பா.

நான் வாயைத் திறந்தேன். அவர் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. மூடிக்கொண்டேன்.

அந்த அளவில் தட்டு இப்போது கையிருப்பில் இல்லை, சாயங்காலம்தான் விசேஷம் என்றால் புதிதாகவே ஒன்று செய்து தருகிறேன் என்றார் முதலாளி. காயிலைச் சுற்றி முடித்ததும் ஒரு மீட்டரோடு பெரியப்பாவிடம் நீட்டினார். "நீங்க தெரிஞ்சவுக. ஒருக்கா பார்த்துச் சொல்லிருங்க சார்." பெரியப்பா இரண்டு ஊசியையும் கம்பியில் வைத்து, முகத்தைச் சுருக்கி, "கரெக்டா இருக்கு" என்றார். மீட்டரில் விளக்கே எரியவில்லை. முதலாளி மீட்டரைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, சுவிட்சைப் போட்டுத் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பட்டாளத்துக்காரர்களுக்கு மீட்டரைப் போடாமலே தெரியும்போல என்று நான் வியந்தேன்.

காயிலைத் தட்டில் ஒட்டி, பல்பு எரிகிற பெட்டிக்குள் வைத்தார்கள். பசை காய மூன்று மணி நேரம்.

கொட்டகைக்குப் பின்னால், பேண்டேஜ் ஆலையில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் நாலு பேர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிசைந்த மாவு கையை விட மறுத்தது. பெரியப்பா எட்ட நின்று பார்த்தார். கொஞ்சம் கிட்டே போனார். அப்புறம் இந்தியில் ஏதோ சொன்னார். நான் அதுவரை கேட்டிராத குரல் அது. வீட்டில் பேசுகிற மனிதரே இல்லை. "ஹட்டோ, பேட்டா" என்று அவனை நகர்த்திவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

அடுப்படிப் பக்கமே வராதவர் என் பெரியப்பா. காபி டம்ளரைக்கூடத் தொட்டியில் போடமாட்டார். அவர் மாவை உதறி, தண்ணீர் தெளித்து, இரண்டு பிசையலில் வழிக்குக் கொண்டுவந்து ஈரத்துணி போட்டு மூடினார். வெங்காயத்தைக் கையைப் பார்க்காமலே, பையன்களைத் திட்டிக்கொண்டே நறுக்கினார். கட்டை இல்லாததால் கண்ணாடி பாட்டிலை வைத்து உருட்டினார். ஒவ்வொன்றும் ஒரே வட்டம். தணலில் போட்டதும் ரொட்டி உப்பும், வெறும் விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கொதிக்கிற பருப்பில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "உப்பு ஒரு கிள்ளு" என்று ஒரு கிள்ளு போட்டார்.

முதலாளி, கம்பி சுற்றும் பெண்கள், பையன்கள், நான், எல்லோரும் துணி காயப்போடும் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படியொரு ரொட்டியை அதன் பிறகு நான் தின்றதில்லை. முதலாளி நாலு தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு பேருக்குச் சார் போட்டிருக்கீங்க?"

பெரியப்பா விரலில் ஒட்டியிருந்த மாவை உரித்தார். "நூத்தியிருபது பேருக்கு. லடாக்குல. விடியமுன்ன அடுப்பு பத்தவைக்கணும், தீக்குச்சி பிடிக்காது."

"இதுக்கு மேல என்ன வேணும் சார்" என்றார் முதலாளி.

ரேடியோவில் பேசிக்கொண்டே நூற்றியிருபது பேருக்கு ரொட்டியும் சுட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே மலையளவு இருந்த மரியாதை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

தட்டு காய்ந்து, யூனிட்டை மூடி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கிளம்பும்போது முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, காயத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு, பக்கத்து ஆலையில் வாங்கியது, கொடுத்தார். "பாப்பா, நீ போன ஒடனே அந்த நூறுக்கு மேல இத ஒட்டிரு. பொறவு பெரியப்பா பாத்துக்கிடுவாக." அவரிடமே கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பஸ்ஸில் பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரொட்டி சுட்டத வீட்டுல சொல்லாத, என்ன? பெரியம்மாட்ட சொல்லவே கூடாது." தெரிந்தால் பெரியம்மா அவரை அடுப்படியில் உட்காரவைத்துவிடுவாள், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று புரிந்துகொண்டு, சத்தியம் செய்தேன்.

ஐந்தரை மணிக்கு நான் நூறுக்கு மேல் பிளாஸ்திரியை ஒட்டினேன். பெரியப்பா அதைப் பார்க்காதவர் மாதிரி ஒயரைப் பதினாறில் மாட்டினார். குழாய் முழங்கியது. எலெக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டு, "பட்டாளத்துக் கைன்னா சும்மாவா" என்றார். தெரு கை தட்டியது.

சத்தியத்தை நான் வருஷக்கணக்கில் காப்பாற்றினேன். போன வருஷம் பெரியப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பெரியம்மாவிடம் சொன்னேன். பெரிய ரகசியத்தை உடைக்கிற நினைப்பு எனக்கு. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவிய பட்டாளத்துல சமையல்காரவியதான். பென்ஷன் புக்குலயே போட்டிருக்கு. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதாட்டி?"

"அவருட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

"அவியளாச் சொல்லட்டும்னு இருந்தேன்." அரிசியை ஒருதரம் புடைத்தாள். "ஏட்டி, ரொட்டி நல்லாருந்துச்சா?"

ரொம்ப நல்லாருந்தது என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒன்னு சுட்டுத் தந்திருக்கலாம். என் கையால திங்கும்போது எதுக்கெடுத்தாலும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு..."

காப்புக் கட்டு முடிந்து வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். பெரியம்மா சாம்பார் ஊற்றினாள். வழக்கம்போலப் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மத்தியானம் ஒரு சொட்டில் ஒரு கிள்ளு உப்புக் குறைந்ததைக் கண்டுபிடித்தவர், தட்டை முழுசாகக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றினாள். பாவம், நாக்கு செத்த மனிதர் என்று நினைத்தபடி, நான் என் சாம்பாரைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.