முதுகைப் பார்த்தவள்

ஏலக் கடையில் எல்லோரும் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பிரெஞ்சுப் பீங்கான் எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். தட்டு கைக்கு வந்ததும் கவிழ்த்துவிடுவாள். அடியில் பச்சை முத்திரை பளபளப்புக்குள் புதைந்திருந்தால் தட்டு செய்த தொழிற்சாலையுடையது. பளபளப்புக்கு மேலே, நகத்துக்குத் தட்டுப்படும் சிவப்பு முத்திரையும் இருந்தால் பூ வரைந்ததும் முறையான பட்டறைதான். பச்சை மட்டும் இருந்தால், வெள்ளைத் தட்டாக வாங்கி யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. அதற்குச் சந்தையில் மரியாதை கிடையாது. விருந்துக்குப் போன இடத்தில்கூடச் சாப்பிடும் முன் தட்டைத் தூக்கி அடியை எட்டிப் பார்க்கிற ஆள் அவள். மானம் போகிறது என்று அவளுடைய அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த அக்கா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அக்காவின் கணவரான மாமா வீட்டைக் காலி செய்துகொண்டு மகன் வீட்டுக்குப் போகிறார். இன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"எதுக்காவது தேறுமான்னு பாரும்மா. அங்க வைக்க இடமில்ல."

பெட்டியைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் தட்டுகள். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தாள். தட்டுகள் அப்பாவிடம் இருந்து, கல்யாணத்தோடு அக்காவுக்குப் போயின. அவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்தக் கோபம் வயிற்றுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. அவள் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் அக்கா கூப்பிட்டாள். "பாதிய நீ எடுத்துக்கோடி. வந்து பாரு." அவள் போய், ஒரு தட்டைக் கவிழ்த்தாள். பச்சை மட்டும். "இதுக்கா இத்தனை பெருமை? வீட்டுல யாரோ கிறுக்கினது. எனக்கு வேண்டாம்." சொன்னபோது மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா அந்தத் தட்டுகளைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொன்றாக உடைந்தது.

முதல் தட்டை எடுத்தாள். கை தானாகக் கவிழ்க்கப் போனது. மண் கறை படிந்திருந்ததால் துடைப்போம் என்று முகப்பக்கம் ஈரத்துணியைப் போட்டாள். நீலப் பூக்கொடியின் சுருளுக்குள், எறும்பு அளவில், இரண்டு எழுத்துகள் தெரிந்தன. ஒன்று அக்கா பெயரின் முதல் எழுத்து. மற்றது அவளுடையது. அவளுடைய எழுத்தின் சுழி மூடாமல் பிளந்து நின்றது. அவளுடைய பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்த அம்மாவின் கையெழுத்து அது. வேறு யாரும் சுழியை அப்படி விடமாட்டார்கள்.

அடுத்த தட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"மாமா, இதை அம்மாதான் வரைஞ்சிருக்காங்க. அக்காவுக்குத் தெரியுமா?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாம என்ன? அந்த எழுத்தைக் காட்டத்தானே அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீதான் திருப்பிப் பாத்ததுமே தீர்ப்பு சொல்லிட்டியே. கிறுக்கல்னு சொன்னவகிட்ட அம்மா வரைஞ்சதுன்னு எப்படிச் சொல்றதுன்னு அழுதா. தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு சொன்னா. அதுக்கப்புறம் அவளுக்கு அதைக் கண்ணால பாக்கவே பிடிக்கல."

மேஜையில் மதிப்பீட்டுத் தாள் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக, பூ மேலே தெரியும்படி, பரப்பி வைத்தாள். மொத்தம் ஏழு. அக்கா கூப்பிட்ட அன்று பன்னிரண்டு இருந்தன.