இரண்டாவது பொருள்

பிரான்சில் இருக்கும் என் பேத்தி, மே மாதம் பிறந்ததும் காட்டில் எடுத்த ஒரு பூவின் படத்தைக் கைபேசியில் அனுப்பினாள். அகன்ற இரண்டு இலைகள், நடுவே ஒரு தண்டு, தண்டில் தலைகவிழ்ந்த சின்னஞ்சிறு வெள்ளை மணிகள். "இது என்னா பூன்னு சொல்லுங்க தாத்தா. போனை நீட்டினா அதுவே பேரு சொல்லிடுது" என்று குரலும் வந்தது. எனக்குப் போன் வேண்டியதில்லை. ஒன்பது வயதில் இந்தப் பூவின் பெயருக்கு நான் பொருள் சொல்லியிருக்கிறேன். சொன்னது அகராதியில் உள்ளதுதான். ஆனாலும் அதனால் ஒரு குடும்பம் கலைந்தது.

அப்போது உப்பளத்தில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். மாமா பிரான்சில், பிரெஞ்சுப் படையில் சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சிப்பாயை அப்படித்தான் சொல்வோம். முந்தின வருஷம் அத்தைக்கு ஒரு குழந்தை பிறந்து, மாமா அதன் முகத்தைப் பார்க்குமுன்பே இறந்துபோயிற்று. அந்தச் சமயம் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தூளி அவிழ்க்கப்பட்டிருந்தது. காய்ச்சல் என்றார்கள். அதற்கு மேல் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அடுத்த விடுப்பில் மாமா வந்து அத்தையைக் கப்பலில் கூட்டிப்போவதாக இருந்தது. அதற்காக ஒரு ட்ரங்குப் பெட்டி வாங்கி, மூடியில் அவள் பெயரைக்கூட எழுதியாயிற்று.

ஆடி மாதம், மாமாவோடு வேலை பார்த்த இன்னொரு சொல்தா ஊருக்கு வந்தார். மெல்லிய தாளில் மடித்த ஒரு பூவை அத்தையிடம் கொடுத்தார். காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"அவரே காட்டுல பறிச்சதும்மா. அவருக்குத்தான் எழுத வராதே, யார்கிட்டயோ கேட்டுப் பேரு எழுதி வாங்கியிருக்காரு. வூட்ல படிக்கிற புள்ள இருக்கான், அவன் சொல்லுவான்னாரு."

"பொடவ அனுப்புவாருன்னு பாத்தா புல்லு அனுப்பியிருக்காரே உம் புருஷன்" என்றாள் அம்மா. "தும்பப் பூவாட்டம் இருக்கு."

"தும்பைக்கு ஏது அண்ணி இம்மாம் பெரிய எலை" என்று அத்தை சிரித்தாள். குழந்தை போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தாளில் இருந்த பிரெஞ்சு எழுத்துகளைக் கூட்டி "முகே" என்று வாசித்தேன். பொருள் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "தமிழ்ல முகைன்னா மொட்டு அத்த. அதுவா இருக்கும்" என்றேன்.

"மொட்டா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் பள்ளியில் அகராதியைப் புரட்டினேன். இரண்டு பொருள் போட்டிருந்தது. முதலாவது, காடுகளில் வளர்ந்து வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும் செடி. பூ என்று அத்தைக்கே தெரிகிறதே, இதைச் சொல்லவா பிரெஞ்சு படிக்கிறேன் என்று தோன்றியது. இரண்டாவது, கைக்குழந்தைகளின் வாயில் வரும் ஒரு நோய். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"மொட்டு இல்ல அத்த, கண்டுபிடிச்சிட்டேன். முகேன்னா ஒரு சீக்கு. கைக்கொழந்தைங்க வாயில வெள்ளவெள்ளயா படருமாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அக்கரமா?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது. "அதான்" என்றேன்.

"நல்லா பாத்தியா கண்ணு? வேற ஒண்ணும் போடலியா?"

"இல்ல அத்த."

முதல் பொருளை நான் மறந்துவிடவில்லை. அதையும் சொன்னால் என் கண்டுபிடிப்பு சப்பென்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த வேட்டித் துணி ஒன்றை ஆள்காட்டி விரலில் சுற்றி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய அறுத்துக்கிட்டியா அத்த?" என்று கேட்டேன். ஓடிப்போய் அப்பாவின் களிம்பு டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தை மாதம் மாமா வந்தார். அத்தை அறையை விட்டு வெளியே வரவில்லை. "கொழந்தைய நான்தான் கொன்னேன்னு சொல்லி அனுப்புறவரோட என்னால வாழ முடியாது" என்று அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா அதை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பல வருஷம் வைத்திருந்து, தன் கடைசிக் காலத்தில்தான் எனக்குச் சொன்னாள். மாமா பத்து நாள் எங்கள் கூடத்தில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார். ரயிலடிக்கு நானும் போனேன்.

"பூ வந்து சேந்துச்சாடா?"

"வந்துச்சு மாமா."

"பேரு படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்."

"அப்புறம் என்னா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவர் வரவேயில்லை. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டோம்.

எனக்குப் பதினேழு வயதானபோது வகுப்பில் ஆசிரியர் சொன்னார். மே முதல் நாள் பிரான்சில் காட்டிலிருந்து இந்தப் பூவைப் பறித்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்களாம், அந்த வருஷம் அவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று. அன்று வீட்டுக்கு வந்தபோது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "பசி" என்றேன். எழுந்து சோறு போட்டாள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். நான் சொல்லவில்லை. பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சோறு போடும்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று பயந்தேன்.

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வாயில் வெள்ளை படர்ந்தது. என் மனைவி பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து ஆள்காட்டி விரலில் சுற்றி, வெந்நீரில் நனைத்து, குழந்தையின் நாக்கைத் துடைத்தாள். அத்தை உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். "அழுத்தாதம்மா, மெதுவா. புண்ணாச்சுன்னா காய்ச்சல் வந்துடும்" என்றாள். அவளுடைய ஆள்காட்டி விரலும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

அந்த விரலுக்குத்தான் அன்று நான் களிம்பு கொண்டுவந்தேன்.