பூட்டு இல்லாத பக்கம்

இது நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் வேறு கதை படிக்கலாம். இது திருச்சானூரில், பட்டப்பகலில், சோற்று நேரத்தில் நடந்தது. பாஸ்கருக்கு நடந்தது. அவன் இன்னும் திருப்பதியில்தான் இருக்கிறான். தூக்கம்தான் போய்விட்டது.

பாஸ்கர் லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். திருச்சானூரில் நாகபூஷணத்தின் லாட்ஜுக்கும் அவன்தான் செய்தான். அறை எடுப்பவர்களிடம் ஆதார் ஜெராக்ஸ் வாங்குவார்கள். இனி தங்கப்போகும் முகவரியையும் போன் நம்பரையும் அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொல்வார்கள். முதலாளி வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக அத்தனையும் வெப்சைட்டில் ஒரு தனிப் பக்கத்தில் ஏறும். பாஸ்வேர்டு கிடையாது. அவருக்கு ஞாபகம் இருக்காதாம். லிங்க் தெரியாதவன் எப்படி வருவான் என்று பாஸ்கரும் விட்டுவிட்டான்.

கூகுளுக்கு லிங்க் தெரிந்திருந்தது.

ஒரு நாள் சுமித்ரா என்று ஒரு பெண் போன் செய்தாள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. புருஷனின் அடிக்குத் தப்பி ஓடிவந்து, ஒரு ராத்திரி அந்த லாட்ஜில் தங்கிவிட்டு, வேலைக்குப் பக்கத்து ஊரான தடாவில் ரூம் பிடித்தவள். ஜெராக்ஸில் எழுதியது தடா முகவரி.

"அண்ணா, என் பேரப் போட்டா கூகுள்ல அந்த ஜெராக்ஸு வருதுண்ணா. அந்தாளு என்னத் தேடிக்கினு கீறான். எடுத்துடுங்கண்ணா."

பாஸ்கர் முதலாளியைக் கேட்டான்.

"போலீஸ் செக்கிங் வந்தா நீயா காமிப்பே? ஒண்ணும் எடுக்காதேப்பா. கூகுள்ல வராம பண்ணு, சாலு, அது போதும்," என்றார் நாகபூஷணம்.

அதைத்தான் செய்தான். தேடலில் காட்டாதே என்று ஒரு வரி எழுதினான். வாசலில் 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டுகிற வேலை. கதவு இல்லை. லிங்க்கை முன்பே எடுத்து வைத்திருப்பவனுக்கு எல்லாம் திறந்தே கிடந்தது.

சுமித்ராவிடம் "எடுத்தாச்சும்மா" என்று சொல்லிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து நாகபூஷணம் அவசரமாகக் கூப்பிட்டார். "இன்னிக்கே பூட்டு போடு. ஏன்னு கேக்காதே."

லாட்ஜின் பின்னறையில் உட்கார்ந்து லாகின் வைத்தான். பாஸ்வேர்டு, அதற்கு மேல் ஓடிபி. இரண்டே போன்களுக்குத்தான் அனுமதி. ஒன்று அவனுடையது, ஒன்று முதலாளியுடையது.

மணி இரண்டு பத்து. திரையின் ஓரத்தில் பார்த்தான்.

உள்ளே இருப்பவர்கள்: 2.

முதலாளிக்குப் போன் போட்டான். "சார், உள்ள வந்தீங்களா?"

"நான் துன்னுக்கினு இருக்கேன்பா."

எல்லோரையும் வெளியேற்றினான். பாஸ்வேர்டை மாற்றினான். தான் மட்டும் நுழைந்தான்.

உள்ளே இருப்பவர்கள்: 2.

அனுமதித்த போன்களைத் திறந்து பார்த்தான். மூன்று நம்பர்கள் இருந்தன. மூன்றாவதை அழித்தான். திரும்பி வந்தது. மறுபடி அழித்தான்...

வந்தது.

அந்த நம்பர் திறந்து வைத்திருந்தது ஒரே ஒரு ஜெராக்ஸ். சுமித்ராவுடையது.

அவன் கை தானாகப் போய் அதை அழித்தது.

போன் அடித்தது.

அதே நம்பர்.

"அண்ணா... எடுத்துட்டீங்களா?"

"எ... எடுத்துட்டேன்மா."

பின்னால் எங்கேயோ கதவைத் தட்டும் சத்தம். டொம்... டொம்...

"இப்பத்தானா?"

கட்.

உள்ளே இருப்பவர்கள்: 1.

சாப்பிட்டுவிட்டு வந்த நாகபூஷணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணு போயிட்டாப்பா. பன்னெண்டு நாளாச்சு. புருஷங்காரன் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தடா ரூம் கதவத் தட்டியிருக்கான். தொறந்ததும் குத்திட்டான். அவன் போன்ல நம்ம பக்கம் தொறந்தே இருந்துச்சாம். போலீஸ் வந்து கேட்டாங்க. அதான் பூட்டச் சொன்னேன்."

"அவ போனு?"

"போலீஸ் சீல் வெச்சி எடுத்துக்கினு போயிட்டாங்க."

பாஸ்கர் பழைய வருகைப் பதிவுகளைப் பார்த்தான். உயிரோடு இருந்தவரை அவள் தன் போனிலிருந்து தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். எடுத்துவிட்டார்களா என்று பார்க்க. செத்த பிறகும் அதே போனிலிருந்து திறந்திருக்கிறாள். தினமும் இரண்டு பத்துக்கு.

இப்போது அந்தப் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. அதே நேரத்துக்கு வேறொரு பக்கம் திறக்கிறது. வெப்சைட்டைச் செய்தவரின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி உள்ள பக்கம்.

பாஸ்கர் அதை அன்றைக்கே எடுத்துவிட்டான்.

இன்னும் திறக்கிறது.